பூசையில் இருந்த கொப்பிகள்

பிரான்சில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் பெற்றோர், 2022 இலையுதிர்காலப் பள்ளித் திறப்பிலிருந்து, அரசிடம் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டியிருக்கிறது. நோய், விளையாட்டு அல்லது கலைப் பயிற்சி, ஊர் ஊராகச் செல்லும் வாழ்க்கை அல்லது பள்ளி வெகு தொலைவில் இருப்பது, பிள்ளைக்கே உரிய தனிச் சூழ்நிலை ஆகிய காரணங்களைத்தான் சட்டம் ஏற்கிறது. நான் பணியில் இருந்த காலத்தில் அனுமதி என்ற பேச்சே இல்லை. நகர மன்றத்துக்கு ஒரு கடிதம், கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி அறிவித்தால் போதும். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வாளர் வீட்டுக்கு வந்து, பிள்ளை உண்மையாகவே கற்கிறதா என்று பார்ப்பார். தமிழ் வீடாக இருந்து, பெற்றோருக்குப் பிரெஞ்சு போதாமலும் இருந்தால், மொழிபெயர்க்க நானும் உடன் செல்வேன்.

இன்று அந்த அனுமதி விண்ணப்பங்களைத் தமிழ்க் குடும்பங்களுக்காக மொழிபெயர்க்கும் இளையவர்கள் சில வேளை என்னைத் தேடி வருகிறார்கள். போன மாதம் வந்த பெண் இங்கேயே பிறந்தவள். விண்ணப்பத்தின் ஒரு பத்தியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "மதாம், இந்த அம்மா கோயில், சாமி எண்டெல்லாம் எழுதியிருக்கிறா. அதிகாரியள் இதைப் பாத்தா வேறை மாதிரி நினைப்பினம். நான் பேசாமல் விட்டுடட்டே? அவைக்கு நல்லதுதானே?" என்று கேட்டாள்.

நல்லதுக்காகத்தான் கேட்டாள். அதனால் பதிலை நிதானமாக எழுதித் தருகிறேன் என்றேன். இது அந்தப் பதில்.

நான் புதுச்சேரிக்காரி. பத்தொன்பது வயதில் இங்கு வந்து, இலக்கியம் படித்து, சட்ட மொழிபெயர்ப்பில் ஒரு சான்றிதழ் பெற்று, வெவ்வேறு அலுவலகங்கள் அழைக்கும்போதெல்லாம் சென்று வேலை செய்தேன். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஈழத் தமிழைக் காதுக்குப் பழக்கிக்கொள்ளத்தான் சில காலம் பிடித்தது. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு கடையில் நான் வாய் திறந்ததுமே, "நீங்கள் இந்தியாவோ? கதைக்கிறது படத்திலை வாற மாதிரி இருக்கு" என்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

பள்ளி ஆய்வு வேலையில் தொடக்கத்திலேயே எனக்கு இரண்டு அனுபவங்கள் வாய்த்தன. இரண்டும் தவறான பாடத்தையே கற்பித்தன. பாரிசின் புறநகரான பியர்ஃபித்தில் ஒரு வீட்டில், பிள்ளையை ஏன் பள்ளியிலிருந்து எடுத்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். தாய், சுவாமி ஒருவரிடம் கேட்டுத்தான் முடிவெடுத்தோம் என்றார். நான் ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்தேன். வீட்டுக் கல்வியைக் கண்காணிக்கும் சட்டத்துக்குப் பின்னால், பிள்ளைகளை அடைத்துவைக்கும் மூடிய மதக் குழுக்களைப் பற்றிய அச்சம் வெகு காலமாக இருந்துவருகிறது. அந்த ஒரு சொல்லுக்காகச் சமூக சேவைப் பிரிவு அந்த வீட்டுக்குப் பல மாதம் ஏறி இறங்கியது. சுவாமி என்பவர் சோதிடம் பார்க்கும் ஒரு சாதுவான கிழவர், அவ்வளவுதான். அடுத்தது இன்னொரு புறநகரான ஒபர்வில்லியேயில். ஆய்வாளரைப் பார்த்துக் கோபத்தோடு, "உங்கடை பள்ளிக்கூடத்திலை பிள்ளையளைக் கெடுத்துத்தானே விடுறியள்?" என்று கேட்ட தகப்பனின் பேச்சை, "பள்ளிச் சூழலைப் பற்றி அவருக்குக் கவலை இருக்கிறது" என்று மாற்றிச் சொன்னேன். ஆய்வு இனிதே முடிந்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எந்தச் சொல் கொடுக்க வேண்டியது, எந்தச் சொல் தவிர்க்க வேண்டியது என்று எனக்குத் தெரியும் என்ற எண்ணம் அன்று என்னிடம் குடியேறியது.

அந்த எண்ணத்தோடுதான் 2012இல் ஆய்வாளர் மொசியூ தெலோர்மிடம் போய்ச் சேர்ந்தேன். நான் கண்ட ஆய்வாளர்களில் அவரைப் போன்ற பொறுமைசாலி வேறு ஒருவரில்லை. முன்பு தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தியும் மணியை அழுத்தமாட்டார், படிக்கட்டிலேயே நிற்பார். வீட்டுக்குள் போனதும், பிள்ளை வழக்கமாக எங்கே உட்காரும் என்று கேட்டு, அந்த இடத்தைப் பிள்ளைக்கே விட்டு, அதைவிடத் தாழ்வான இருக்கையைத் தேடிக்கொள்வார். முதலில் பெற்றோரிடம் ஒரு சாதாரணத் திங்கட்கிழமை எப்படிப் போகும் என்று விவரிக்கச் சொல்வார். அடுத்து நோட்டுப் புத்தகங்கள். அவற்றைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பார்ப்பார். "தொடக்கத்தை எல்லாரும் அழகாகத்தான் எழுதுவார்கள்" என்பார். பிறகு, தான் சீவிக் கொண்டுவந்த பென்சில் ஒன்றைக் கொடுத்துப் பிள்ளையைச் சிறிது எழுதச் சொல்வார். குறிப்பேட்டை மூடும்வரை தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். மூடுவதற்கு முன் தாம் எழுதியதை முழுதாக வாசித்துக் காட்டி, நான் மொழிபெயர்க்க, பெற்றோருக்கு மறுப்பு உண்டா என்று கேட்பார்.

முதல் நாள் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "என் காதில் விழாததை நான் எழுத முடியாது, மதாம். அதனால் எல்லாவற்றையும் என் காதில் போடுங்கள். முட்டாள்தனமாக இருந்தாலும், எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும்."

தவமலர் வன்னியிலிருந்து முந்திய ஆண்டுதான் மகளோடு வந்திருந்தார். கணவர் சிவநேசன் வெகு காலமாக இங்கே உணவகச் சமையலறையில் வேலை பார்ப்பவர். லா சப்பலில், புடவைக் கடை ஒன்றின் மேலே, மின்தூக்கி இல்லாத நான்காம் மாடியில் இரண்டு அறை. எதிரே பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி அதிரும். மகள் கீர்த்தனாவுக்கு ஒன்பது வயது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வகுப்பில் சேர்த்திருந்தார்கள். அங்கே மாதக்கணக்கில் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. குறைபாடு உள்ள பிள்ளையாக இருக்கலாம், சிறப்புப் பிரிவுக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்கவேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் தாய் பிள்ளையை எடுத்துவிட்டார்.

ஆய்வுக்கு முன் ஆவணங்களைச் சரிபார்க்க நான் தொலைபேசியில் அழைத்தபோது தவமலர் சொன்னார்: "வீட்டிலை வாய் ஓயாது அக்கா இவளுக்கு. கதைச்சுக் கதைச்சு என்னைத் தின்னுவாள். வெளியாக்களைக் கண்டாத்தான் அடைச்சுப்போயிடும். நான் அங்கை தொண்டர் ஆசிரியையா இருந்தனான், அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதினைக்குப் படிப்பிச்சனான். எனக்குப் பிள்ளையளைத் தெரியும். ஒரு வருசம் தாங்கோ எண்டுதான் கேக்கிறன். இவளோடை சேந்து நானும் பிரெஞ்சு படிக்கிறன். ஒரு வருசத்தாலை நானே கொண்டுபோய் விடுவன்."

ஒரு வருடம். அந்தக் குடும்பம் கேட்டது அவ்வளவுதான். பேசாத பிள்ளை என்பதால், அவள் கற்கிறாள் என்பதைக் காட்ட அவள் எழுதிய நோட்டுகளை விட்டால் வேறு சான்று இல்லை. இதை நானும் அறிவேன்.

ஆய்வு நாள் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. கடிதம் முன்னதாகவே போயிருந்தது. அன்று சரஸ்வதி பூசை. காலையில் நாட்காட்டியில் நான் அதைப் பார்த்தேன்; பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போனேன். தக்க காரணம் சொன்னால் நாளை மாற்றிக்கொள்ளலாம் என்பது குடும்பங்களுக்குத் தெரியாது. அரசாங்கம் குறித்த நாளை மாற்றக் கேட்பது என்பதே அவர்கள் நினைப்பில் வராது.

தவமலர் குளித்து, புதுப் புடவை கட்டி, எங்களுக்காகக் காத்திருந்தார். இரவு வேலை முடித்து வந்த கணவர் உள்ளறையில் உறங்கிக்கொண்டிருந்தார். கதவு மூடியிருந்தது. வரவேற்பறை துடைத்துவைத்தது போலிருந்தது. மேசையில் ஒரு தாள்கூட இல்லை. கீர்த்தனா இரட்டைப் பின்னலோடு தன் நாற்காலியில் அமர்ந்து, எங்கள் காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெலோர்ம் வழக்கம்போலத் திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்டார். தவமலர் அழகாகச் சொன்னார். காலையில் கணக்கு, பிறகு பிரெஞ்சு வாசிப்பு, மத்தியானம் தமிழ். அடுத்து நோட்டுகளைக் கேட்டார்.

தவமலரின் முகம் மலர்ந்தது. "எட்டுக் கொப்பியும் சரஸ்வதிக்கு வைச்சிருக்கிறன் அக்கா. அறைக்குள்ளை அலுமாரியிலை சாமித்தட்டு. ஐயா வாற நாளும் பூசை நாளும் ஒண்டா வந்திட்டுது, பிள்ளைக்கு நல்ல காலம்தான் எண்டு நினைச்சன். நாளைக்கு விசயதசமி, காலமை எடுத்திடுவன். இவர் எழும்பினாப் பிறகு கதவைத் திறந்து காட்டுறன், ஐயா கண்ணாலை பாக்கட்டும்."

அவருக்கு அது பெருமை. நூல்களைத் தெய்வத்தின் முன் வைத்திருக்கும் வீடு படிப்பை மதிக்கிற வீடு. அதைவிடப் பெரிய சான்று வேறு என்ன வேண்டும்? இது எனக்குப் புரியாததல்ல. என் சிறு வயதிலும் எங்கள் வீட்டில் பாடப் புத்தகங்கள் அந்த ஒரு நாள் பூசையில்தான் இருக்கும்.

ஆனால் அந்த நொடியில் பியர்ஃபித் வீடு என் நினைவுக்கு வந்தது. தெய்வத்தின் முன் வைத்த நோட்டுகளை எடுக்க மறுக்கும் தாய், பள்ளிக்கு அனுப்பாத பிள்ளை, மூடிய கதவு. இவை மூன்றும் ஓர் அறிக்கையில் அடுத்தடுத்து வந்தால் எப்படி வாசிக்கப்படும் என்று மனத்துக்குள் வாசித்துப் பார்த்தேன். பிறகு தெலோர்மிடம், "நோட்டுகள் இன்று கைவசம் இல்லை என்கிறார்" என்றேன்.

"எங்கே இருக்கின்றன?"

"வேறு இடத்தில். நாளை கிடைக்குமாம்."

அவர் புருவத்தை உயர்த்தினார். பென்சிலை எடுத்துக் கீர்த்தனாவின் முன் வைத்தார். பிள்ளை தாயைப் பார்த்தாள். தாய் பதறினார். "இண்டைக்கு எழுதக் கூடாதெல்லோ அக்கா. நாளைக்கு எத்தினை பக்கமெண்டாலும் எழுதுவாள் எண்டு சொல்லுங்கோ."

"பிள்ளை இன்று களைப்பாக இருக்கிறாள்" என்று நான் சொன்னேன்.

தெலோர்ம் தம் குறிப்பை வாசித்தார்: எழுத்து வேலை எதுவும் காட்டப்படவில்லை, பிள்ளை எழுத முன்வரவில்லை, கற்பித்தல் நடைபெறுவதை உறுதிசெய்ய இயலவில்லை, இரண்டாம் ஆய்வு தேவை. நான் அதைத் தமிழில், "கொப்பிகளை இன்று பார்க்க முடியவில்லை, இன்னொரு முறை வந்து பார்ப்போம் என்று எழுதியிருக்கிறார்" என்று சுருக்கினேன்.

"ஓம், அது சரிதானே" என்றார் தவமலர். மறுப்பு எதுவும் இல்லை என்று நான் சொன்னேன். அதன் பிறகு குறிப்பேடு மூடப்பட்டது. அவல் வந்தது. தெலோர்ம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரு பக்கத்துக்கும் பாதிப் பாதி கொடுத்து, இருவரையும் திருப்தியாக வைத்தேன் என்ற நிறைவோடு அன்று வீட்டுக்குப் போனேன். இதை எழுதும்போது எனக்கு மிகவும் கூச்சமாக இருப்பது அந்த நிறைவுதான்.

இரண்டாம் ஆய்வு தை மாதம் நடந்தது. இப்போது எட்டு நோட்டுகளும் மேசையில் அடுக்கியிருந்தன. ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் காய்ந்த சந்தனம். தெலோர்ம் பின்னிருந்து முன்னாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஜூன் மாதத்திலிருந்து நாள் குறித்து எழுதியிருந்தது. பின்னங்கள், பரப்பளவு, பிரெஞ்சில் சிறு சிறு பத்திகள், பிழையும் திருத்தமுமாக.  பிறகு என்னிடம் சொன்னார்: "அக்டோபரில் இவை இருந்தனவா என்று கேளுங்கள்."

கேட்டேன். தவமலர் வியப்போடு என்னைப் பார்த்தார். "அப்ப பூசையிலைதானே இருந்தது. ஐயாவுக்குத் தெரியும்தானே அக்கா?"

அந்தக் கேள்வியை மொழிபெயர்த்திருந்தால் எல்லாம் நேராகியிருக்கும். ஆனால், மூன்று மாதங்களுக்கு முன் நான் வேறொன்று சொன்னேன் என்பதும் அதோடு வெளியே வந்திருக்கும். "இருந்தன என்கிறார்" என்றேன்.

தெலோர்ம் கீர்த்தனாவின் பக்கம் குனிந்து, மென்மையாக, பிரெஞ்சில் நேராகவே கேட்டார்: "இவை எல்லாம் நீயே எழுதியவையா?" பிள்ளை அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவர் கொடுத்த ஐந்து கணக்குகளையும் முன்பே பிழையின்றிச் செய்து முடித்திருந்தாள். சொல்வதைக் கேட்டு எழுதும் பயிற்சியில் முதல் வாக்கியத்தை எழுதினாள். இரண்டாவதில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். அதன் பிறகு அதை அவள் தொடவே இல்லை.

படியிறங்கும்போது மூன்றாம் மாடியில் தெலோர்ம் நின்றார். "இந்த மூன்று மாதத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், எட்டு நோட்டும். தாய் சொல்லச் சொல்ல எழுதியிருக்க வேண்டும். எவ்வளவு உழைப்பு, பாவம். இதை அறிக்கையில் எழுத எனக்கு மனமே இல்லை" என்றார். கீழே தெருவுக்குப் போக இன்னும் மூன்று மாடிகள் இருந்தன. அத்தனை படிகளிலும் நான் வாயைத் திறக்கவில்லை.

பதினைந்து நாளுக்குள் பள்ளியில் சேர்க்கவேண்டும் என்ற கடிதம் வந்தது. மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது என்று சொல்லத் தொலைபேசியில் அழைத்தேன். சிவநேசன் பேசினார். "அரசாங்கத்தோடை வழக்குக்குப் போறதோ? அடுத்த வருசம் வதிவிடக் கார்ட் புதுப்பிக்கோணும் அக்கா. சும்மா இருக்கிறதுதான் எங்களுக்குப் பாதுகாப்பு." பிள்ளை பள்ளிக்குப் போனாள். பேசவில்லை. பதினோராவது வயதில், தாய் எதற்குப் பயந்து அவளை எடுத்தாரோ அந்தச் சிறப்புப் பிரிவுக்கே அனுப்பப்பட்டாள்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை நான் எந்தச் சொல்லையும் விட்டதில்லை. வசையையும், சாமியையும், பொய்யையும் அப்படியே கொடுத்தேன். ஆய்வாளர்கள் முகம் சுளித்ததுண்டு. சில வீடுகளில் கூடுதல் கேள்விகளும் வந்தன. ஆனால் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பாவது அந்த வீடுகளுக்குக் கிடைத்தது. தெலோர்ம் ஓய்வு பெற்று மேற்கே கடலோர ஊர் ஒன்றுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவர் கோபப்பட்டிருக்கமாட்டார். மறுநாள் காலையே அந்த நான்கு மாடியும் ஏறியிருப்பார். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

சென்ற ஆண்டு லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில், இராசவள்ளிக் கிழங்கைப் பொறுக்கியபடி கடைக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்த பெண்ணின் குரலைக் கேட்டுத் திரும்பினேன்.

"அண்ணை, இது கிழங்கோ தங்கமோ?"

"தங்கம் எதிர்க்கடையிலை தங்கச்சி. அங்கை போனா இதைவிட மலிவு."

"உங்களோடை கதைச்சு வெல்ல ஏலாது" என்று சிரித்தபடி திரும்பிய தவமலர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். தலை நரைத்திருந்தது. அலுவலகங்களில் துப்புரவு வேலை என்றார். கீர்த்தனா முதியோர் இல்லத்தில் செவிலியர் உதவியாளர், நல்ல பெயராம். "கணக்கிலை இண்டைக்கும் சூரி. மருந்தளவு பாக்கிறதெண்டா எல்லாரும் இவளைத்தான் கூப்பிடுவினமாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த நேரம் எங்களுக்காக எவ்வளவு கதைச்சனீங்கள் அக்கா. அதை நான் மறக்கேல்லை."

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. கடைக்கு வெளியே அழைத்து வந்து, அன்று பூசை என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை, பிள்ளைக்குக் களைப்பு என்று சொன்னேன், இரண்டாம் முறையும் மறைத்தேன் என்று, ஒன்றையும் மென்மைப்படுத்தாமல் சொன்னேன்.

தவமலர் என் கையை விட்டார். வசைக்குக் காத்திருந்தேன். அவர் சொன்னது இதுதான்:

"கீர்த்தனா அண்டைக்கு இரவே சொன்னவள். 'அம்மா, அந்த அக்கா பூசை எண்டு சொல்லேல்லை, எனக்குக் களைப்பு எண்டு பொய் சொன்னவ' எண்டு. பிரெஞ்சிலை நீங்கள் கதைச்சது அவளுக்கு அப்பவே விளங்கியிருக்கு. நான்தான் நம்பேல்லை. படிச்ச மனிசி, எங்கடை தமிழ் ஆள், அப்பிடிச் செய்யமாட்டா, உனக்கென்ன பிரெஞ்சு தெரியும் எண்டு கன்னத்திலை அடிச்சனான். அதுக்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைச்சதே இல்லை."

நான் ஏதோ சொல்ல முயன்றேன். அவர் கையால் தடுத்தார். பைக்குள்ளிருந்து தொலைபேசியை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை போலும். குரல் பதிவில் செய்தி விட்டார்.

"பிள்ளை, அம்மா கதைக்கிறன். வேலை முடிஞ்சோடனை எடு. அவசரமில்லை. உன்னட்டை ஒரு மன்னிப்புக் கேக்கோணும்."